சானல்கரைய சரி பண்ணுற பசங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துல சானல்கரைய, அதாவது பாசனக் கால்வாய்க் கரைய, ஒட்டி இருக்கிற ஊர் எங்களோடது. போன மாசம் ஒரு ராத்திரி அடிச்ச காத்துமழையில எங்க கரைப்பாதையில ரப்பரும் அயினிப்பலாவும் கொல்லாமரமுமா (முந்திரி) பதினோரு மரம் குறுக்க விழுந்து கெடந்துச்சு, ரெண்டு எடத்துல கரை அரிச்சு பைக் போற அகலம் கூட இல்ல. இந்தப் பாதைலதான் விடியுறதுக்கு முன்னாடியே நெத்தியில லைட்ட மாட்டிட்டு ரப்பர் பால்வெட்டுக்கு போறாங்க, பிள்ளைங்க ஸ்கூலுக்கு போகுது, பிரசவத்துக்கு ஆட்டோ வரணும்னாலும் இதுதான் வழி.

மறுநாள் காலைல யாரும் கூப்பிடாமலே பதினாலு பசங்க வெட்டுக்கத்தி, மம்பட்டி, கயிறோட வந்து நின்னாங்க. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்ப நம்ம மாவட்டம் பூரா மரமும் போஸ்ட்டும் சாஞ்சு கெடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அன்னைக்கு அப்பன்மார் கூட நின்னு கொப்பு இழுத்துப் போட்ட சின்னப் பிள்ளைங்கதான் இன்னைக்கு இந்த பசங்க. மரம் அறுக்குற மெஷின் ஊருக்கு ஒண்ணுதான், அதுவும் ஒருத்தரோட சொந்த மெஷின், பெட்ரோலுக்கு ஆளுக்கு நூறு ரூபா போட்டாங்க. வீடுகள்லருந்து கட்டன் சாயாவும் மரச்சீனிக் கிழங்கு அவிச்சதும் வந்துட்டே இருந்துச்சு.

விழுந்த மரத்த வெட்டுறது நிக்கிற மரத்த வெட்டுறத விட ஆபத்துங்க. ரெண்டு பக்கமும் தாங்கி கெடக்குற தடிய மேலருந்தே முழுசா அறுத்தா பிளேடு இறுகிப் பிடிச்சிரும், மேல கொஞ்சம் அறுத்துட்டு மிச்சத்த அடியிலருந்து அறுக்கணும். வேரோட சாஞ்சதுன்னா தடி அறுந்ததும் அடிக்கட்ட சடார்னு எழும்பி பழையபடி குழிக்குள்ள உக்காரும், அந்தப் பக்கம் ஒரு ஆளும் நிக்கக்கூடாது. இதெல்லாம் பெரியவங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாங்க. அப்படியும் மத்தியானம் ஒரு கொல்லாமரக் கொப்பு, அடியில வளைஞ்சு மாட்டி இருந்தது யாருக்கும் தெரியல, வெட்டுன உடனே தெறிச்சு ஒரு பையன் முழங்கையில அடிச்சிருச்சு. ஒம்பது தையல். அவன் பால்வெட்டுத் தொழிலாளி, ரெண்டு வாரம் கத்தி பிடிக்க முடியல, அந்த ரெண்டு வாரக் கூலி போனது போனதுதான்.

உதவி ஏதாவது கெடைக்குமான்னு ஒரு ஆபீசுக்கு போனோம், உங்கள யாரு வெட்டச் சொன்னது, புறம்போக்கு மரத்துல கை வைக்க யாரு பெர்மிஷன் குடுத்ததுன்னு கேட்டாங்க. அந்தப் பையன் கைக்கட்டோட தலைகுனிஞ்சு நின்னத பாத்து எனக்கு நெஞ்சு கொதிச்சுப் போச்சு.

என் அக்கா மகன் கனடாவுல ஒன்டாரியோவுல இருக்கான். பனிமேல ஓட்டுற ஸ்னோமொபைல் வண்டிக்குன்னு அங்க காட்டு வழியா தனிப் பாதையே இருக்காம், புயல்ல மரம் விழுந்தா உள்ளூர் கிளப் ஆளுங்கதான் சம்பளமில்லாம போய் வெட்டி எடுப்பாங்களாம். வழியில நெறைய எடம் விவசாயிங்க மாதிரி தனியார் நிலத்துல போகுது, முன்கூட்டியே அவங்ககிட்ட அனுமதி வாங்கி வச்சிருக்காங்க, வண்டி ஓட்டுறவங்க கட்டுற பெர்மிட் காசு பாதைக்கே வருது, கிளப்புக்கு இன்சூரன்சும் இருக்கு. பொழுதுபோக்குக்கு உள்ள பாதைக்கே அவ்வளவு பாக்குறாங்க, நம்மளது பொழப்புக்கு உள்ள பாதை.

நான் கேக்குறது பெரிய காரியம் ஒண்ணுமில்ல. பேரிடர் வேலைக்கு பொதுமக்களுக்கு பயிற்சியும் மீட்பு சாமான் கிட்டும் இன்சூரன்சும் குடுக்குற ஆப்த மித்ரான்னு மத்திய அரசு திட்டம் இருக்கு, அதுல எங்கள மாதிரி மலையோர ஊர் பசங்களையும் சேக்கணும். ஊருக்கு ஒரு மெஷின், ஹெல்மெட், கிளவுஸ் வேணும். காத்து அடிச்ச அன்னைக்கு பாதையில விழுந்தத வெட்டி ஓரமா போட்டுக்கலாம்னு முன்னாடியே எழுத்துல ஒரு அனுமதி வேணும், தடி அரசாங்கத்துக்கே இருக்கட்டும், எங்களுக்கு ஒரு சுள்ளி கூட வேண்டாம். அதோட கம்பியில கரண்ட் ஆஃப் பண்ணியாச்சான்னு உறுதியா சொல்ல ஒரு ஆள், ஒரு நம்பர். அன்னைக்கு ஒரு மரம் கம்பியோட கெடந்துச்சு, யாரும் கிட்ட போகாம மூணு மணி நேரம் காத்து நின்னோம்.

அரிச்ச கரையில ஒரு பக்கம் கல்லு போட்டு கெட்டியாக்கிட்டோம். இன்னொரு பக்கம் சிமெண்ட் சாக்குல மண்ண நெறச்சு அடுக்கித்தான் வச்சிருக்கு, ஒரு பெரிய மழைக்கு அது தாங்காது, அடுத்த மழைக்கு முன்னாடி பொறுப்புல உள்ளவங்க ஒருதடவ வந்து பாத்துட்டு போகணும்.

இப்படிக்கு,
சானல்கரை வாசி ஒருவர்,
குலசேகரம் அருகில்