சுவருக்குள் இருக்கும் வயர் பழையது. அதைத் தெரிந்தவரின் சான்றிதழ் மட்டும் செல்லாதா?

மின்பணித் தகுதிச் சான்று வழங்கும் வாரியங்களுக்கும் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வயரிங் வேலை, சோதனை, பயிற்சி ஆகிய மூன்றிலும் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

பழைய பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்று இருபது, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த எலக்ட்ரீசியன் தொழில் செய்வதற்கான அட்டையைப் புதுப்பிக்க வந்தால், "உங்கள் சான்றிதழ் இப்போது பட்டியலில் இல்லை, முதலிலிருந்து படித்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். முதலிலிருந்து என்றால் ஓம் விதி, டூவே சுவிட்ச், வயர் செல்லும் குழாயான கண்டியூட்டை வளைப்பது. அவரிடம் வேலை கற்றவர்கள் பயிற்சிப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்தை வைத்தே அட்டை வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்டவரின் அட்டைதான் செல்லாமல் நிற்கிறது.

புதிதாக எதுவும் படிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய பாடத்தில் இல்லாத, தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும் விஷயங்கள் இருக்கின்றன. மின்கசிவைக் கண்டதும் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபியை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் 300 மில்லி விநாடிக்குள் அது விழ வேண்டும், அதாவது துண்டிக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் எந்த மாதிரிக் கசிவை உணரும் என்பதைப் பொறுத்த ஏசி வகை, ஏ வகை, பி வகை என்ற வேறுபாடு எல்லோருக்கும் தெரியாது. சீரான டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கசிவு கலந்தால் ஏசி வகையின் உள்ளிருக்கும் காந்த வளையம் தெவிட்டி, கசிவை உணர முடியாமல் போய்விடும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் அது விழாது. மின்வண்டிச் (மின்சாரக் கார்) சார்ஜரில் 6 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட டிசி கசிவைக் கண்டறியும் ஏற்பாடு கேட்கப்படுவது அதனால்தான்.

சோலார் பேனலும் அப்படித்தான். மெயினை இறக்கினாலும் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் வயரில் மின்சாரம் இருக்கும். ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) ஒரு சுழற்சிக்கு இருமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது. லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நின்று எரியும். எல்ஈடி டிரைவர்களும் கணினிகளும் நிறைந்த மூன்று ஃபேஸ் கட்டடத்தில் மூன்றாம் ஹார்மோனிக் (சப்ளையின் அலைவெண்ணைப் போல மும்மடங்கில் அலையும்) மின்னோட்டங்கள் நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடுகின்றன. அது ஃபேஸ் மின்னோட்டத்தில் 33 சதவீதத்தைத் தாண்டினால் கேபிள் அளவை நியூட்ரல் மின்னோட்டத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. "நியூட்ரலுக்கு மெல்லிய வயர் போதும்" என்று கற்றவர் இதைக் கற்றே ஆக வேண்டும்.

இவற்றோடு மின்னெழுச்சித் தடுப்பான், சேமிப்பு பேட்டரி ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கைந்து நாள் பாடம் வரும். அதைக் கட்டாயமாக்குங்கள், நாங்களே முன்வரிசையில் உட்காருகிறோம். அதற்காக மீதி முழுவதையும் அழிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த மீதி இன்னும் சுவர்களுக்குள் உயிரோடு இருக்கிறது. ரப்பர் இன்சுலேஷன் போட்ட பழைய வயரைப் பாருங்கள். போர்டை அசைக்காமல், இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரில் 500 வோல்ட் கொடுத்து அளந்தால், குறைந்தபட்சத் தேவையான 1 மெகாஓமைத் தாண்டியே காட்டும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தாலும் அசையாத வரை செம்பை மூடிக்கொண்டுதான் இருக்கும். அளவு சரி என்று நம்பி, சுவிட்ச் மாற்ற வயரை முன்னால் இழுத்து வளைத்தால் ரப்பர் பொருக்குப் பொருக்காக உதிரும். மூடும்போது வெறும் செம்பு உலோகப் பெட்டியைத் தொடும். விவரம் தெரிந்தவர் நுனியில் விரல் வைத்ததும் நிறுத்திவிடுவார். இழுக்காமல், வளைக்காமல் ஸ்லீவ் ஏற்றுவார், மூடிய பிறகு மறுபடி அளப்பார், வயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். இரண்டாவது முறை அளக்க வேண்டும் என்பது மெகரின் கையேட்டில் இருக்காது.

அலுமினிய வயரும் அதே கதைதான். சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஸ்குரூ அழுத்தத்தில் மெல்ல நசுங்கி நகரும், மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. லூஸ் என்று ஒவ்வொரு முறையும் ஸ்குரூவை முறுக்கினால் கம்பி தட்டையாகி ஒருநாள் முறிந்துவிடும். கெட்ட நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் தடவி, அலுமினியத்துக்கும் செம்புக்கும் பொருந்தும் கனெக்டரில் குறித்த முறுக்குவிசை (டார்க்) அளவில் இறுக்குவதுதான் வழி.

நிறங்கள் மாறிய இடங்களில் ஆபத்து இன்னும் நேரடியானது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்பது ஒரு பழைய முறை. பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல் என்பது இப்போதைய முறை. இரண்டும் கலந்த கட்டடத்தில், புதிய முறையை மட்டும் கற்றவருக்கு நீலம் நியூட்ரல்; கையில் இருப்பதோ ஃபேஸ். பழைய முறையை அறிந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டால் இதைச் சொல்லிக்கொடுக்க யார் இருப்பார்கள்?

ஆகவே எங்கள் கோரிக்கை இது. சான்றிதழின் ஆண்டை விட்டுவிட்டு ஆளின் கையைச் சோதியுங்கள். எட்டுச் சர்க்யூட் கொண்ட ஒரு போர்டு, மூன்று மணி நேரம். மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்வதிலிருந்தே மதிப்பெண் தொடங்கட்டும்: டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். மூன்றாவதைத் தவறவிட்டவர், டெஸ்டர் நடுவில் செத்திருந்தால் அறியமாட்டார்.

போர்டில் வைக்க வேண்டிய பழுதுகளில் முதன்மையானது கடன் வாங்கிய நியூட்ரல். மாடிப்படி விளக்கின் ஃபேஸ் கீழ்த்தளச் சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் மேல்தளத்திலிருந்தும் வந்திருக்கும். இரண்டு தளத்துக்கும் தனித்தனி ஆர்சிசிபி போட்டதும், அந்த விளக்கைப் போட்டால், ஒன்றின் வழியே போன மின்னோட்டம் அதன் வழியே திரும்பாததால் ஆர்சிசிபி விழும். அதைவிட மோசம், மேல்தள எம்சிபியை (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு அந்த நியூட்ரலைக் கழற்றுவது: விளக்கு எரிந்துகொண்டிருந்தால், கழன்ற நுனியில் முழு வோல்டேஜும் நிற்கும். இரண்டாவது, நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொள்வது. சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டுமே துண்டிப்பதால், அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினாலும் பழுதுள்ள சர்க்யூட் பிரியாது. மெயினை இறக்கிவிட்டு, நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி எர்த்துக்கு எதிரே மெகரில் அளந்தால்தான் பிடிபடும். கூடவே ஒரு சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கட்டும், 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு, அது தாங்காத 32 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கட்டும். அளவுகளை எழுதிக் காரணமும் சொல்லச் சொல்லுங்கள். இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்டு ஒரே மாதிரி ஃபேன் மாட்டியவர் இதில் தேறமாட்டார். அவருக்காக நாங்கள் வாதாடவும் மாட்டோம்.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சான்று கொடுத்த பயிற்சி நிலையம் மூடப்பட்டிருந்தால் மூலப்பிரதி எங்கே கிடைக்கும்? முன்பு நீங்களே வழங்கிய அட்டை, சோதனை அறிக்கைகள், மேற்பார்வையாளரின் உறுதிமொழி ஆகியவற்றை மாற்றுச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். முன்கற்றலையும் அனுபவத்தையும் மதிப்பிட்டு அங்கீகரிக்க வெளிப்படையான முறை வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 195-ஆம் பரிந்துரை 2004-லேயே சொல்லியிருக்கிறது.

இந்த முறை நடைமுறைக்கு வரும்வரை இருக்கும் அட்டைகளை ரத்து செய்யாதீர்கள். சோலார், மின்வண்டிச் சார்ஜர், பேட்டரி ஆகிய மூன்றுக்கும் புதுப்பயிற்சி முடியும்வரை அனுமதி இல்லை என்று அட்டையிலேயே அச்சிடுங்கள், அதை ஏற்கிறோம். மேலே சொன்ன தேர்வுப் போர்டின் வரைபடமும் பழுதுப் பட்டியலும் எங்களிடம் தயாராக இருக்கின்றன. நாள் சொன்னால், முதல் போர்டை எங்கள் கையாலேயே வயரிங் செய்து உங்கள் கூடத்தில் நிறுத்துகிறோம்.

இப்படிக்கு,
மின்பணியாளர்களும் பயிற்றுநர்களும்