லிமிட் ஏற்றலாமா என்று கேட்டாயே

திருச்சி

அன்புள்ள விஜி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிட்டிருக்கலாம்தான். நீ நாலு பக்கம் எழுதியிருக்கும்போது நான் கட்டைவிரலைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்? அதோடு நீ கிரெடிட் கார்டு லிமிட் பற்றிக் கேட்டிருப்பது இரண்டு வரியில் அடங்குகிற விஷயமும் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா இப்போது வாக்கர் இல்லாமலே ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார். பிசியோதெரபி பெண் வருகிற நேரம் பார்த்து மட்டும் எங்கிருந்தோ ஒரு தலைவலி வந்துவிடுகிறது. பெரியவன் ஓசூரில் அதே கம்பெனிதான், ஷிஃப்ட் மட்டும் மாறியிருக்கிறது. நான் மதுரைக்கு வராததற்கு பஸ் ஸ்டாண்டை பஞ்சப்பூருக்குக் கொண்டுபோனதைக் காரணம் சொல்லலாம், ஆனால் உண்மையில் லீவு இல்லை. ஆடிட் முடியும் வரை ஆபீஸில் யாரும் வாயைத் திறக்க முடியாது.

சரி, கார்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் லிமிட்டை 75 ஆயிரத்திலிருந்து மூன்று லட்சமாக ஏற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது, அண்ணன் கூடவே கூடாது என்கிறார், புதிதாக இன்னொரு கார்டு வாங்கினால் பழையதை மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். என் கதை நேர் எதிர். நானாகப் போய்க் கேட்டேன், இல்லை என்றார்கள்.

அம்மா ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. ரூம் வாடகை வித்தியாசம், மருந்து, வாக்கர், பிசியோ என்று அது கொடுக்காத வகையில் ஒரு 50 ஆயிரம் என் கார்டில் ஏறியது. லிமிட் 80 ஆயிரம். அந்த மாதத்திலேயே ஆப்பில் போய் லிமிட்டை உயர்த்தக் கேட்டேன். தற்போது தங்களுக்குச் சலுகை எதுவும் இல்லை என்று ஒரு வரி. கிளைக்குப் போனால், "கார்டு டிபார்ட்மெண்ட் தனி மேடம், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது" என்று அந்தப் பெண் மிக இனிமையாகச் சொன்னாள். அதே கிளையில் பதினைந்து வருடமாக என் சம்பளம் விழுகிறது!

பிறகுதான் சிபில் ரிப்போர்ட்டை, அதாவது நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிவு செய்து வைக்கும் அறிக்கையை, எடுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாலு கம்பெனிகள் இருக்கின்றன, நாலிலும் தனித்தனியாக எடுக்கலாம். நாமே பார்ப்பதால் அதில் நமக்குப் போடும் மதிப்பெண், அந்த ஸ்கோர், குறையாது. 300-இல் தொடங்கி 900 வரை போகும் அந்த எண், 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக மரியாதையாகப் பேசுவார்கள். எனக்கு அதற்குக் கீழே. காரணம் என்ன தெரியுமா? அந்த பழைய ஃப்ரிட்ஜ்! தவணையில் எடுத்து, கடைசித் தவணை வரை கட்டி, கடன் முடிந்ததற்கான சான்றும் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் மட்டும் அந்தக் கடன் மூடப்படவே இல்லை. 590 ரூபாய் நிலுவை, ஏதோ ஒரு கட்டணமாம். என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

சிபில் தளத்திலேயே தகராறு பதிவு செய்கிற வசதி இருக்கிறது. சான்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பதிவு செய்தேன், கடன் கொடுத்த கம்பெனிக்கும் மெயில் போட்டேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அதை மெயிலில் ஒரு வரி சேர்த்தேன், சும்மா ஞாபகப்படுத்துவது போல. மாதம் முடிவதற்குள் அந்தக் கடன் மூடப்பட்டதாக மாறிவிட்டது. நீயும் ஒருமுறை எடுத்துப் பார். உங்கள் பழைய ஸ்கூட்டர் கடன் எந்தக் கோலத்தில் இருக்கிறதோ.

ஸ்கோரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இருக்கிற லிமிட்டில் நாம் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதையும் பார்க்கிறார்கள். 80 ஆயிரத்தில் 50 ஆயிரம் என்றால் 62 சதவீதத்துக்கு மேல். 30-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் முழுசாகக் கட்டிவிடுகிறவள்தான், ஆனால் அந்தக் கணக்குக்கு அது தெரியாது. பணமுடை என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் நெருக்கடியான மாதத்தில் லிமிட் கேட்பதைப்போல வீண் வேலை வேறு இல்லை. கையில் பணம் இருந்து, கார்டை அதிகம் தேய்க்காத இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்க வேண்டும். சம்பளம் கூடியிருந்தால் அந்தச் சீட்டையும், வியாபாரம் செய்கிற உனக்கென்றால் புது வருமான வரிக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். முன்பு வங்கிகளிலிருந்து சிபில் போன்ற கம்பெனிகளுக்கு மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த விவரம் 2025 ஜனவரியிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறையாவது போகிறது, ஆகவே நல்லதும் கெட்டதும் சீக்கிரமே பதிவாகிவிடும்.

அப்புறம் இரண்டாவது கார்டு. வேறு வங்கியில் விண்ணப்பித்தேன். அதே வங்கியில் இன்னொன்று வாங்கினால் பெரும்பாலும் பழைய லிமிட்டையே இரண்டு கார்டும் பங்கு போட்டுக்கொள்ளும், என்ன பிரயோஜனம்? வேண்டுமென்றே ரூபே கார்டாகக் கேட்டேன். 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ-யோடு இணைக்க முடிகிறது. மருந்துக்கடை, மளிகைக்கடை க்யூஆரில் ஸ்கேன் செய்தால் கார்டிலிருந்து போய்விடும்.

வீட்டுக்குச் சரிபார்க்க ஒரு பையன் வந்தான். நான் ஆபீஸில். அம்மா மட்டும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறார். அவன் வாசல் நிலை, கதவு எண், ஈபி மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு, "இந்த வீட்ல எத்தனை வருஷமா இருக்கீங்க பாட்டி?" என்று கேட்டிருக்கிறான். அம்மா ரேஷன் கார்டு விஷயம் என்று நினைத்து, போன மாதம் துவரம்பருப்பு போடவில்லை என்று புகார் சொல்லியிருக்கிறார். பையனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் என் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். சாயங்காலம் நான் போனதும் தெருவே கேட்டது: "கடன் வாங்கியிருக்கியா கௌரி?" பத்து நாளில் ஒன்றரை லட்சம் லிமிட்டோடு கார்டு வந்தது. துவரம்பருப்பும் அடுத்த மாதம் வந்துவிட்டது, அதனால் அம்மாவுக்கு அந்தப் பையன்மேல் பெரிய மதிப்பு.

இப்போது அதே 50 ஆயிரம் செலவானால் மொத்த 2,30,000-இல் 22 சதவீதத்துக்குள் நிற்கும். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை பார். எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் இதைக் கேட்டுவிட்டு ஒரே வாரத்தில் நாலு வங்கியில் விண்ணப்பம் போட்டான். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் விசாரணையாகப் பதிவாகும், அடுத்து பார்க்கிறவன் இவன் பணத்துக்கு அலைகிறான் என்று முடிவு கட்டுவான். நாலும் போயிற்று.

உன் விஷயம். நம் சம்மதம் இல்லாமல் லிமிட்டை ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதியிலேயே இருக்கிறது. ஆகவே நீ பதில் சொல்லாதவரை அது 75 ஆயிரம்தான், அண்ணனைத் தூங்கச் சொல். சம்மதம் கொடுப்பதாக இருந்தால் வங்கியின் ஆப்பைத் திறந்து அதில் அந்தச் சலுகை இருக்கிறதா என்று பார்த்து அங்கேயே கொடு. போனில் யாராவது லிமிட் ஏற்றித் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள் என்றால் பேச்சே வேண்டாம், போனை வை. இந்தப் பெயரில் ஏமாற்றுவது ஊர் முழுக்க நடக்கிறது.

என்னைக் கேட்டால் ஏற்றிக்கொள் என்பேன். ஏற்றியபின் ஆப்பில் போய் நீயாக ஒரு வரம்பு வை. ஆன்லைனுக்கு இவ்வளவு, கடையில் தேய்க்க இவ்வளவு, வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடியோடு வேண்டாம் என்று தனித்தனியாக வைக்கலாம். நான் ஆன்லைனுக்கு 15 ஆயிரம் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஏதாவது வாங்க வேண்டுமானால் உள்ளே போய் மாற்ற வேண்டும், அந்த இரண்டு நிமிடத்தில் பாதி ஆசை போய்விடுகிறது.

தீபாவளி விற்பனைக்குச் சின்னாளப்பட்டிச் சேலைச் சரக்கை கார்டில் எடுக்கலாமா என்றாயே, அதில்தான் எனக்குப் பயம். பில் தேதிக்கு மறுநாள் எடுத்தால் 45 நாளுக்கு மேல்கூட வட்டியில்லாமல் கிடைக்கும், உண்மைதான். அதற்குள் விற்றுவிடும் சரக்குக்கு மட்டும் எடு. தங்கிவிட்டால்? 50 ஆயிரம் பில்லுக்கு 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை, 2,500 கட்டினால் போதும் என்று காட்டும். மீதி 47,500-க்கு மாதம் 3.5 சதவீதம் போட்டால் வட்டி மட்டும் 1,660 ரூபாயைத் தாண்டும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நீ கட்டிய 2,500-இல் பெரும்பகுதி அதற்கே போய்விடும். புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வருடக் கணக்கில் 42 சதவீதம், விஜி. வங்கியில் நகையை வைத்தால் அதில் கால்வாசி சொச்சம்தான் ஆகும். தங்கும் என்று தோன்றுகிற பட்டுக்கு வளையலை வை, கார்டைத் தொடாதே. அண்ணன் பயப்படுவதில் இந்த ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது.

பழைய கார்டை மூடாதே, ஆண்டுக் கட்டணம் இல்லை என்றால். எவ்வளவு காலமாக ஒழுங்காகக் கட்டுகிறாய் என்பதற்கு அதுதான் சாட்சி. மாதம் ஒரு பால் பில்லாவது அதில் போடு. ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிட்டு மூடலாம். கட்டணம் வாங்குகிற கார்டு என்றால் எழுதிக் கொடுத்து மூடு. பாக்கி இல்லாதபோது ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உனக்கு. பில் தேதி தோதுப்படவில்லை என்றால் அதையும் ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. நான் ஒன்றை மாதத் தொடக்கத்திலும் மற்றதை நடுவிலும் வைத்துக்கொண்டேன்.

சொல்ல மறந்தேனே, என் பழைய வங்கியும் போன வாரம் மெசேஜ் அனுப்பியிருக்கிறது, லிமிட்டை இரண்டு லட்சமாக்குகிறார்களாம். வேண்டியபோது இல்லை. இப்போது நானே யோசித்துச் சொல்கிறேன் என்று விட்டிருக்கிறேன்.

ஆடிட் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவுக்கு இரண்டு சுங்குடி எடுத்து வை, கரை சின்னதாக, நிறம் உன் இஷ்டம். உன்னிடம் இருக்கும் க்யூஆர் இன்னும் உன் சேமிப்புக் கணக்குக்கானதுதானே? அதில் ரூபே கார்டு ஏறாது, வியாபாரத்துக்கான க்யூஆர் வேண்டும். வங்கியில் கேட்டு வாங்கிவை. இல்லாவிட்டால் ரொக்கமாகத் தருகிறேன், ஆனால் பேரம் பேசுவேன்.

அன்புடன்,
கௌரி