ரயில்வே பென்ஷன்காரர்களே, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கிடைக்குமா?

பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர், வில்லிவாக்கம், கொரட்டூர் பக்கம் குடியிருக்கும் ரயில்வே பென்ஷன்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர், என்ஜின்களைப் பார்க்கும் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்தவர், பெட்டிகளைப் பார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் பெயின்ட் அடித்தவர், நீராவி என்ஜினில் கரி போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து மெயில் டிரைவராக ஓய்வுபெற்றவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன், கேங்மேன் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஞாயிறு காலை ரயில் மியூசியத்துக்கு வந்து, பழைய என்ஜின், பெட்டி பக்கத்தில் நின்று பிள்ளைகளிடம் பேச முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். உங்கள் பென்ஷனர் கூட்டத்தில் யாராவது ஒருவர் உரக்கப் படித்தால் இன்னும் நல்லது. பாதிப் பேர் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

நியூ ஆவடி ரோட்டில், ஐ.சி.எஃப். ஃபர்னிஷிங் பிரிவை ஒட்டி இருக்கும் ரயில் மியூசியம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2002இல் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று முழிக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பெரிய வரம். மாலுக்குப் போனால் பர்ஸ் காலி, பீச்சுக்குப் போனால் வெயில். இங்கே பழைய என்ஜின், பழைய பெட்டி, ஓடி விளையாட இடம், ஒரு குட்டி ரயில். சின்னவள் குட்டி ரயிலில் இன்னொரு ரவுண்டு கேட்டு அழுவாள், பெரியவன் என்ஜின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான். பிறகு ஐஸ்க்ரீம்.

ஐஸ்க்ரீமுக்கு அப்புறம் கேள்விகள் வரும். "ஸ்டீம் எப்படிப்பா சக்கரத்தைச் சுத்தும்?" "இந்தக் கொக்கியை யார் மாட்டுவாங்க?" "செயினை இழுத்தா டிரைவருக்கு எப்படித் தெரியும்?" அப்பாக்கள் எல்லாம் ஒரே மாதிரி செல்போனை எடுத்து, மரத்தடியில் நின்று தேட ஆரம்பிப்போம். தேடி முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த பெட்டிக்குப் போயிருக்கும்.

அண்மையில் அங்கே பார்த்த ஒன்றுதான் என்னை எழுத வைத்தது. நீராவி என்ஜின் ஒன்றின் சக்கரத்துப் பக்கம் நாலைந்து பிள்ளைகள். பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர், சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டைக் குடை நுனியால் காட்டி, "இந்தப் பக்கம் ராடு எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்க. மேலயா, கீழயா?" என்றார்.

"கீழ, தாத்தா."

"இப்ப அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஓடினார்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். "அங்க கீழ இல்ல, முன்னாடி நிக்குது!"

"ஏன்?"

யாருக்கும் தெரியவில்லை. சுற்றி நின்ற பெரியவர்களுக்கும்தான்.

"சைக்கிள் பெடல் ஒண்ணு நேர் மேல, ஒண்ணு நேர் கீழ நிக்கும்போது மிதிச்சா வண்டி நகருமா? நகராது. இதுவும் அப்படித்தான். பிஸ்டன் ஒரு கோடிக்குப் போயி, ராடு நேர்கோட்டுல மாட்டிக்கிச்சுன்னா எவ்வளவு ஸ்டீம் விட்டாலும் சக்கரம் அசையாது. ஒரு பக்கம் மாட்டினா இன்னொரு பக்கம் தள்ளிவிடணும். அதுக்குத்தான் ரெண்டையும் கால் சுத்து முன்னபின்ன வெச்சிருக்கான்."

அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் அடுத்த என்ஜினுக்குப் போய், இரண்டு பக்கமும் ஓடி ஓடி, அங்கேயும் அப்படித்தான் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெரியவரிடம், "லோகோவா சார் நீங்க?" என்று கேட்டேன். "சேச்சே, கேரேஜ். லோகோ ஆளுங்களோட டீ குடிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது" என்றார்.

எந்த வருஷம் கட்டியது, எத்தனை டன் என்று போர்டில் எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையை என்ஜினைச் சுற்றி ஓடவிட்டு, திரும்பி வந்ததும் "ஏன்?" என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். டீ குடித்துக் கற்றவரே இவ்வளவு சொல்கிறார் என்றால், கரி அள்ளிப் போட்டவர் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

உங்களுக்குள் ஒரு எண்ணம் இருப்பதும் தெரியும். "நாம என்னத்தைப் பெருசாச் செஞ்சோம், டூட்டி பாத்தோம், அவ்வளவுதானே." சரி, டூட்டியைத்தான் கேட்கிறோம். பழைய பெட்டிகளின் முனையில் முட்டுவதைத் தாங்க இரண்டு பஃபர், நடுவில் பெட்டிகளை இணைக்கும் திருகு கப்ளிங். அதை மாட்ட இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து நுழைந்து நின்றாக வேண்டும். பின்னால் இருந்து வண்டி கொஞ்சம் வேகமாக வந்து முட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எல்.எச்.பி. என்ற புது ரகப் பெட்டிகளில் பக்கத்து பஃபர் இல்லை, நடுவில் கைகோத்துக்கொள்ளும் கப்ளர்தான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, உள்ளே நுழைந்து நின்ற ஒருவர் சொல்லிக் கேட்பது வேறு.

அபாயச் சங்கிலியும் அப்படித்தான். அதை இழுத்தால் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும் என்று என் மகன் நினைத்திருந்தான். இழுத்ததும் பிரேக் குழாயில் ஒரு வால்வு திறக்கும், பெட்டியின் கோடியில் ஒரு வட்டத் தகடு திரும்பும், கார்டு இறங்கி வந்து அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் எந்தப் பெட்டி என்று கண்டுபிடித்துச் சரி செய்வார். நடுராத்திரி, மழையில், கையில் விளக்கோடு அப்படி நடந்த கார்டு இந்த வட்டாரத்தில் ஒருவராவது இருப்பார்.

ஐ.சி.எஃப்.காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த தொழிற்சாலை உங்களுடையது. சுவிட்சர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து முழுக்க எஃகில் பெட்டி கட்டக் கற்று, மோதினால் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளக் கூடாது என்று வடிவமைத்த பெட்டியை நாடு முழுக்க அனுப்பியவர்கள் நீங்கள். 2018 ஜனவரியோடு அந்த வகைப் பெட்டி கட்டுவது நின்றுபோனது. அதே ஆண்டில் அங்கிருந்தே வந்தே பாரத்தும் வெளியே வந்தது. பிள்ளைகளுக்கு வந்தே பாரத் நன்றாகத் தெரியும். அது நம் வீட்டுப் பக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை!

அவசரம் எதற்கு என்றால், அகலப்பாதையில் வழக்கமான சேவையில் கடைசி நீராவி ரயில் ஓடியது 1995 டிசம்பரில். 1980இல் இருபது வயதில் ஃபயர்மேனாகச் சேர்ந்தவர் இப்போது அறுபதைத் தாண்டியவர். அதற்கு முந்திய செட் எண்பதைத் தொட்டிருக்கும். என்ஜினுக்குப் பெயின்ட் அடித்து இன்னும் நூறு வருஷம் நிறுத்திவைக்கலாம். வெளிப்படையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள்.

இது நடக்காத காரியமும் இல்லை. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற குட்டி ரயில் பாதையை 1951 முதல் தன்னார்வலர்களே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் ரயில் ஓட்டக்கூடச் சொல்லவில்லை, நின்று பேசத்தான் கேட்கிறோம். அதோடு, நூறு ஆண்டுகள் சும்மா நின்ற 1855ஆம் ஆண்டு இ.ஐ.ஆர்.-21 என்ற நீராவி என்ஜினை 2010இல் மறுபடி ஓட வைத்தது இதே பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான். அந்த வேலையில் கை வைத்தவர் யாராவது இதைப் படித்தால், உங்களை முதல் ஆளாக எதிர்பார்க்கிறோம்.

உரிமையோடு சில வேண்டுகோள். ஒருவர் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், வரவேற்புரை வேண்டவே வேண்டாம். "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்காதீர்கள், பிள்ளைகள் உடனே ஓடிவிடுவார்கள். கேள்வியில் ஆரம்பியுங்கள். யூனியன் தகராறை வெளியே டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம். வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள். கரி படிந்த சட்டையை எதைப் போட்டு வெளுத்தார்கள், நைட் டூட்டி முடிந்து வந்தவர் பகலில் தூங்கப் பிள்ளைகளை எங்கே அனுப்பினார்கள் என்பதெல்லாம் எந்த மியூசியத்திலும் கிடைக்காது.

மியூசிய நிர்வாகத்தார் கண்ணில் இது பட்டால்: ஆளுக்கு ஒரு நாற்காலி, சட்டையில் குத்த ஒரு பேட்ஜ், நுழைவுச் சீட்டு இல்லாமல் உள்ளே விட அனுமதி. வெயில் நாளில் மோரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சங்கத் தலைவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக எடுத்து, யார் யார் வர முடியும் என்று கை தூக்கச் சொல்லிப் பெயர் எழுதி, நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். வருகிறவர்கள் பரணில் பழைய விசிலோ, பச்சைக் கொடியோ, அட்டை டிக்கெட்டோ கிடந்தால் எடுத்து வாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுங்கள். விசிலை மட்டும் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொளத்தூரிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அப்பா