சிவசமுத்திரத்து அணைக்கட்டுக்காக ஒரு மடல்

கர்நாடக மின் கழகத்தின் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். என் கொள்ளுத் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து சுரங்கத்தில் இறங்கியவர். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு நான் மேஸ்திரி வேலைக்குப் போனேன். பழைய கற்கட்டுகளைப் பழுதுபார்ப்பதுதான் இன்றும் என் தொழில். அதனால்தான் இந்தக் கடிதம்.

1902 ஜூன் மாதம் காவிரிக்கரையில் இருக்கும் சிவசமுத்திரத்தில் உண்டான மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி எங்கள் சுரங்கங்களுக்கு வந்தது. பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905இல். திட்டத்துக்குப் பின்னால் நின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901இலேயே காலமாகிவிட்டார், அந்த நாளைப் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சிவசமுத்திரம் என்றால் எல்லோரும் பவர்ஹவுஸையும் அருவியையும்தான் சொல்கிறார்கள். மேலே ஆற்றின் குறுக்கே கிடக்கும் தாழ்வான கல் அணைக்கட்டை யாரும் சொல்வதில்லை. அது காவிரியைத் தேக்குவதில்லை. தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்திக் கால்வாய்க்குள் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் தலைக்கு மேலே விட்டுவிடும். கால்வாயில் போகும் தண்ணீர் குழாய்களில் ஏறத்தாழ 400 அடி கீழே பாய்ந்து எந்திரத்தைச் சுழற்றுகிறது. கோடையில் ஆறு இளைத்துவிட்டால் மின்சாரமும் இளைத்துவிடும். ஆற்றின் மேல்பக்கம் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் என்று அவ்வளவு பெரிய அணை கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிவசமுத்திரத்துக் கல் அணைக்கட்டைப் பழுதுபார்க்கும் காலம் வந்தால், தயவுசெய்து மேலே சிமெண்டைப் பூசி மூடிவிடாதீர்கள். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய கல்லுக்குச் சிமெண்ட் ஒத்துவராது. காரை நெகிழ்ந்து கொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். சிமெண்ட் இரண்டும் செய்யாது. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், உள்ளே ஈரம் தங்கி மூட்டு பொடிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மேல்பூச்சு பலகை பலகையாகப் பெயரும்போது பழைய கல்லின் முகத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். நான் பார்த்த எத்தனையோ கட்டுமானங்கள் இப்படித்தான் கெட்டன. இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் சடாரென்று பிடுங்கவும் கூடாது. வேர் பாதி உள்ளே அறுந்து நின்று மறுபடி தழைக்கும், கல்லும் ஆட்டம் கண்டுவிடும். வேரைப் பட்டுப்போகச் செய்துவிட்டு, அப்புறம் காரை வைத்து அடைக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. கூப்பிட்டால் நானும் வருகிறேன், கூலி பேச மாட்டேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். இந்தத் தண்ணீரின் முதல் மின்சாரம் எங்கே போனது என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதுங்கள். வருடத்தில் ஒருநாள் தங்கவயல்காரர்கள் வந்து பார்க்க அனுமதி கொடுங்கள். பாதுகாப்பு விஷயம் புரிகிறது, பவர்ஹவுஸுக்குள் விட வேண்டாம். கரையில் நின்று பார்த்தால் போதும்.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முதலில் அவரைத்தான் அழைத்து வருவேன்.

இதன் கன்னட வடிவத்தையும் தனியே அனுப்புகிறேன்.

நன்றியுடன்,
தங்கவயல் மேஸ்திரி ஒருவன்