மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்னால்

பொள்ளாச்சி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து மனசு கம்பம் ஊரில் உன் வீட்டிலேயே இருக்கிறது. டிராக்டர் வாங்கி மூன்று வருஷம் முடியவில்லை, அதற்குள் இரண்டாவது பேட்டரியும் போய்விட்டது, "செல் அவுட், புதுசு போட்டுருங்க" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார் என்றாய். பணம் அனுப்பட்டுமா என்றுதான் முதலில் கேட்க வந்தேன். முப்பது வருஷம் பேட்டரிக் கடை வைத்திருந்தவன், சொந்த மகளுக்குப் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. காரணம் தெரியாமல் புதுசை வைத்தால் அடுத்த ஐப்பசி மழைக்குள் அதுவும் படுத்துவிடும்.

இந்தப் பார்சலில் ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, அளக்கிற என் ஹைட்ரோமீட்டர், மல்டிமீட்டர், சின்ன சார்ஜர் மூன்றும் இருக்கின்றன. ஹைட்ரோமீட்டர் கண்ணாடி. அம்மா தன் பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறாள், பார்த்துப் பிரி.

நீ அனுப்பிய போட்டோவில் மீட்டர் 11.8 வோல்ட் காட்டுகிறது. அதை மட்டும் வைத்து செல் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உள்ளே ஆறு செல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் தரும். முழு சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தால் 12.5-லிருந்து 12.7 வரை இருக்கும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே வந்தால் காலி ஆகப் போகிறது என்று அர்த்தம். ஒரு செல் நிஜமாகவே ஷார்ட் ஆகியிருந்தால், எவ்வளவு சார்ஜ் போட்டு வைத்தாலும் 10.5 பக்கத்தில் வந்து நின்றுவிடும். உன்னுடையது பசியில் கிடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அதை உறுதியாகச் சொல்வது ஹைட்ரோமீட்டர்தான். மூடியைக் கழற்றி, ரப்பர் பல்பை அழுத்திக்கொண்டு நுனியை செல்லுக்குள் விட்டு மெதுவாகக் கையைத் தளர்த்து. உள்ளே இருக்கும் மிதவை கண்ணாடியில் ஒட்டாமல் நிற்கிற அளவுக்கு ஆசிட் ஏறினால் போதும். குனிந்து, கண்ணுக்கு நேராக வைத்துப் படி. எடுத்த ஆசிட்டை அதே செல்லில்தான் திரும்ப விட வேண்டும். முழு சார்ஜில் கிராவிட்டி 1240 காட்டும். குளிர் நாட்டுக்காரர்கள் 1280 என்று எழுதியிருப்பார்கள், நம் வெயிலுக்கு ஆசிட்டைக் கொஞ்சம் மட்டாகவே ஊற்றுவோம். ஆறு செல்லும் ஒன்றுபோல 1130, 1140 என்று இருந்தால் பயப்படாதே, சார்ஜ்தான் இல்லை. ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் ஐம்பது புள்ளிக்கு மேல் கீழே கிடந்தால் அந்த செல்லில் கோளாறு. அப்போது மெக்கானிக் சொன்னது சரி.

பேட்டரி ஏன் பசியில் கிடக்கிறது என்பதைத்தான் நான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை ஆசையாக மாட்டிய பாட்டுப் பெட்டியைப் பார்த்தேன். அதன் வயர் சாவி சுவிட்ச் வழியாக வராமல் நேராக பேட்டரியிலிருந்து வருகிறது. அவரைக் குறை சொல்லவில்லை, எல்லாரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். ஆனால் கணக்கைப் பார். பாட்டு நின்ற பிறகும் அது 0.1 ஆம்பியர் இழுக்கிறது என்று வை. ஒரு நாளைக்கு 2.4 ஏஹெச், அதாவது ஆம்பியர்-மணி. உன் பேட்டரி மொத்தமே 50 ஏஹெச். மழையில் பத்து நாள் வண்டியை எடுக்காவிட்டால் பாதி போய்விடும், மூன்று வாரத்தில் சுத்தமாகக் காலி. காலியாகக் கிடக்கிற பேட்டரியில் ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிந்து, நாளாக ஆகக் கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் முழுசாக வாங்காது. என் கடைக்கு வந்த பேட்டரிகளில் ஓடித் தேய்ந்ததைவிட இப்படிச் சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம்.

அதனால் எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்று. மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறு முனையைக் கழற்றிய கேபிளிலும் பிடி. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ப் போடாதே, மீட்டர் போய்விடும். எண் ஏதாவது வந்தால், பாட்டுப் பெட்டி வயரை எடுத்துவிட்டு மறுபடி பார். எந்த வயரை எடுக்கும்போது பூஜ்யத்துக்கு வருகிறதோ அதுதான் திருடன். அதை ஒரு பியூஸோடு சாவிப் பக்கம் மாற்றச் சொல்லு.

இன்னொன்றும் இருக்கிறது. திராட்சைப் பந்தலுக்குள் நீ ஐந்து நிமிஷம் ஓட்டுவாய், நிறுத்துவாய், மறுபடி செல்ப் போடுவாய். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நேரமே இல்லை. கடைசியாக ஸ்டார்ட் செய்த பிறகு அரை மணி நேரமாவது வேலை வேகத்தில் ஓடட்டும். அப்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். குறைந்தால், வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்திருக்கும். 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

சரி, சார்ஜ் போடுவதற்கு வருகிறேன். அவசரப்பட்டு நான் செய்த ஒரு தப்பை உனக்குச் சொன்னதில்லை. நெகமம் பக்கத்து விவசாயி ஒருவர் மழை வருவதற்குள் உழ வேண்டும் என்று ஓடி வந்தார். நானும் பெரிய சார்ஜரில் 30 ஆம்பியர் வைத்து ஒரு மணி நேரத்தில் ஏற்றிக் கொடுத்தேன். ஆசிட் கொதிக்கிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் அதே பேட்டரி தகடு வளைந்து திரும்பி வந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு, உனக்கு 5 ஆம்பியர். காலை ஆறு மணிக்கு வைத்தால் சாயங்காலம் ஆறு வரை ஆகும். கையை வைக்க முடியாத அளவு சூடானால் நிறுத்தி ஆறவிடு. ஆறு செல்லிலும் ஒரேபோல நுரை வந்து, மணிக்கு ஒரு முறை பார்த்து மூன்று தடவை கிராவிட்டி ஏறாமல் நின்றால் சார்ஜ் முழுசு. ஐந்து ஆம்பியரில் வாங்காமல் உடனே சூடாகிவிட்டால், சார்ஜரில் 2 ஆம்பியருக்குத் திருப்பி இரண்டு நாள் விட்டுப் பார். லேசாகப் படிந்த சல்பேட் அப்படிக் கரைந்து மீண்ட பேட்டரிகள் உண்டு.

மோட்டார் ரூமில் வைத்து சார்ஜ் போடாதே கண்ணு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு பொறி போதும். திண்ணையில் காற்றோட்டமாக வை, மூடிகளைத் திறந்து வை. கிளிப்பை மாட்டிய பிறகு சுவிட்சைப் போடு, சுவிட்சை அணைத்த பிறகு கிளிப்பை எடு. சின்ன வயசில் என் இடது புருவத்துத் தழும்பைத் தடவித் தடவிப் பார்ப்பாயே, அது சுவிட்சை அணைக்காமல் கிளிப்பை இழுத்த அன்றைக்கு மூடி தெறித்து வந்த தழும்பு. ஆசிட் கண்ணுக்குள் போகாதது அதிர்ஷ்டம். குட்டிப் பயலைத் திண்ணைப் பக்கமே விடாதே.

வண்டியிலிருந்து கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுடு தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் கழுவு, செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. துடைத்து வாசலின் தடவு. பேட்டரியைப் பிடித்திருக்கிற கம்பியை இறுக்கு, வரப்பில் குலுங்கினாலே தகட்டுப் பொடி உதிரும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் சார்ஜுக்கு முன்னால் டிஸ்டில்டு வாட்டர் விடு, மீதியை சார்ஜ் முடிந்த பிறகு நிரப்பு. போர் தண்ணீர் வேண்டாம். கிராவிட்டி குறைகிறது என்று ஆசிட் ஊற்றவும் கூடாது, யார் சொன்னாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் முடித்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, திங்கள் காலையில் வோல்ட்டையும் பாசிட்டிவ் பக்கத்திலிருந்து வரிசையாக ஆறு செல் எண்ணையும் எழுதி எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு, புதுசு வாங்க வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரை பழையதைக் கடையில் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா