மகள்களை மைதானத்துக்கு அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். விளையாட்டு விழாவுக்கான ஓட்டப் பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது. பெயர் கொடுக்கச் சொன்னால் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகள் பலர், "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால் அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை பெட்டி ராபின்சனைப் பற்றி உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ரிவர்டேல்தான் அவர் ஊர். பள்ளிக்கு ரயிலில் போய்வருவார். ஒருநாள் ரயிலைப் பிடிக்க அவர் ஓடிவந்த வேகத்தை உயிரியல் ஆசிரியர் சார்லஸ் பிரைஸ் பார்த்துவிட்டார். பள்ளியில் பெண்களுக்கென்று ஓட்ட அணியே கிடையாது. சரி, பையன்களோடு ஓடட்டும் என்று பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். அடுத்த சில மாதங்களில், 1928 ஜூலை 31 அன்று, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 12.2 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார் பெட்டி. வயது 16. ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளப் போட்டி நடந்ததே அதுதான் முதல் முறை.

அதே ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப்போனார்கள் என்று காரணம் சொல்லி, 1960 வரை பெண்களுக்கு அந்தப் போட்டியே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஓடினால் ஆண்களுக்கும்தான் களைக்கும்! "பெண் பிள்ளைக்கு உடம்பு தாங்காது" என்று இன்றும் நம்மில் சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1931-ல் பெட்டி சென்ற சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. காலில் பலத்த முறிவு. மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. அப்புறம் நடை பழகி, மெல்ல ஓடவும் தொடங்கினார். ஆனால் முழங்கால் சரியாக மடங்கவில்லை. 100 மீட்டருக்குக் குனிந்து புறப்பட முடியாது. தொடர் ஓட்டத்தில் முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் நின்றபடியே புறப்படலாம் அல்லவா? 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடினார். முன்னால் போன ஜெர்மனி அணி, கடைசி ஆளுக்குக் கைமாற்றும்போது ஓட்டக் கட்டையைத் தவறவிட, அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்தது.

பயிற்சி மாலை 4:15 முதல் 5:15 வரை. உடற்கல்வி ஆசிரியை கூடவே இருப்பார். மாதவிடாய் நாட்களில் சிரமமாக இருந்தால் அவரிடம் சொன்னால் போதும். ஷூ இல்லாதவர்களுக்குப் பள்ளியிலேயே தருகிறோம். டியூஷன் நேரம் இடித்தால் என்னிடம் வந்து பேசுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் மகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை