கவ்வியின் எடை எவ்வளவு?

ஆசிரியருக்கு,

வணக்கம். சிறிய டிராக்டர் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் குதிரைத்திறனையும் மானியத்தையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. முன்னால் மாட்டும் லோடர் (சுமை தூக்கும் கை), அதில் பூட்டும் கவ்வி (சுமையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன்.

கமுதிப் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர். அதில் மூன்று ஏக்கரில் சீமைக்கருவேலம்தான். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது ஜேசிபி வைத்துப் பிடுங்கினேன். தூர் தங்கிய இடமெல்லாம் தளிர்த்தது. ஆடு மாடு தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து முளைத்தது. பழையபடி காடு.

பிடுங்குவதுகூடப் பெரிதில்லை. முள்ளைக் கரிமூட்டத்துக்கு அள்ளிச் சேர்ப்பதுதான் வேலை. ஆள் வருவதில்லை, வந்தாலும் கால் கிழிகிறது. அதனால்தான் என் 27 குதிரைத்திறன் வண்டிக்கு லோடரும் கவ்வியும் வாங்கினேன்.

கவ்வியில் பக்கெட்டின் மேல் தாடை மூடும் வகை ஒன்று, சீப்புப் பல் வகை ஒன்று. சாணம், மண் அள்ள முதலாவது சரி. முள்ளுக்கும் தூருக்கும் பல் வகைதான். மண் இடுக்கு வழியே கொட்டிவிடும். அதைச் சரியாகத்தான் எடுத்தேன். கோட்டை விட்டது எடையில். "கனமா இருந்தாத்தாண்ணே உழைக்கும்" என்றார் பட்டறைக்காரர். நானும் தலையாட்டினேன். பிறகு எடைமேடையில் ஏற்றினால் 230 கிலோ! லோடர் தூக்குவது 400 கிலோ. அதுவும் லோடர் கையின் முனையில், கவ்வியைப் பூட்டும் ஆணி இருக்கும் இடத்துக்கான கணக்கு. கவ்வியில் சுமை அதற்கும் இரண்டடி முன்னால் அல்லவா இருக்கிறது? மிச்சம் 170 கிலோவும் முழுதாகக் கிடைக்காது. இரண்டாம் நாள் ஈரத் தூர் இரண்டைச் சேர்த்துத் தூக்கியதும் பின் சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டது. அன்றிலிருந்து எதிர்ப் பாரத்துக்கு ரோட்டவேட்டரைப் பின்னால் மாட்டாமல் கவ்வியைத் தொடுவதில்லை.

அகலமும் தப்பு. வண்டி நாலடி, கவ்வி ஆறடி. ஓரப்பல் அடிமரத்தில் மாட்டி லோடர் கை திருகிக்கொண்டது. இன்னொன்று: தூக்க, கவிழ்க்க லோடரில் எண்ணெய் (ஹைட்ராலிக்) வழி இருக்கிறது, கவ்வி திறந்து மூடத் தனி வழி வேண்டும். எனக்கு இருக்கைக்குப் பின்னால் இருந்த வால்விலிருந்து ஹோஸ் இழுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி லீவரைத் தேட வேண்டும். அந்த ஹோஸையும் கருவேலங்குச்சி இரண்டு முறை அறுத்துவிட்டது. மேலே தகடு போட்டபின்தான் தப்பியது.

இப்போது நாலடியில் 125 கிலோவுக்கு வேறொன்று செய்து ஓட்டுகிறேன். விற்பவர்கள் கவ்வியின் எடையையும், அது மாட்டியபின் லோடர் எவ்வளவு தூக்கும் என்பதையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். மானியம் தரும்போது வேளாண் பொறியியல் துறை இதைக் கட்டாயமாக்கலாம்.

பழைய கவ்வி கொட்டகை வாசலில் கிடக்கிறது. 45 குதிரைத்திறனுக்கு மேல் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கமுதி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.